பாடப்பட்டவளும் பாடியவளும்

சென்ற ஆண்டு எங்கள் ஊர் வாசிகசாலையிலே நடைபெற்ற இலக்கிய வட்டக் கூட்டமொன்றில், செனகல் நாட்டுக் கவிஞர் லெயோபோல் செடார் செங்கோரின் ‘கறுப்புப் பெண்’ என்னும் கவிதையைப் பற்றி நான் பேசினேன். பல ஆண்டுகளாக வகுப்பறையிலும் மேடையிலும் விருப்போடு நான் எடுத்தாண்டு வந்த கவிதை அது. பிரெஞ்சு மொழியை நான் அறியேன். ஆங்கிலத்தின் வழியாகச் செய்துகொண்ட தமிழாக்கம் ஒன்று என்னிடம் உண்டு. அதனை வாசித்து முடித்ததும் வழமைபோலக் கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலையும் வேளையிலே, பின்வரிசையில் அமர்ந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். “சேர், கவிதை வடிவாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொம்பிளை அதிலை எங்கையாவது வாய் திறக்கிறாவா?” என்று கேட்டார்.

அக்கணத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு வந்து கவிதையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய வாயைப் பற்றிக் கவிஞர் பேசுகிறார். அந்த வாய் பேசவில்லை. இத்தனை ஆண்டுகள் படிப்பித்தும் இது என் கண்ணிற் படாமற் போனது எவ்வாறு என்ற வெட்கம் இக்கட்டுரைக்குக் காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பினப் பெண்மையைப் போற்றி எழுந்த கவிதைகளுள், பெண்ணை ஆபிரிக்காவாக உருவகித்துப் பாடியவற்றிலும் பார்க்க, அப்பெண்ணே தன் பெயரோடும் தன் தெருவோடும் வந்து நின்று பேசியவையே உயர்ந்தவை. எமது மாணவரின் கையில் முதலிற் கொடுக்கவேண்டியவையும் அவையே. ஆயினும், இதனைச் சொல்லும்போதே செங்கோரைத் தூக்கி எறிந்துவிடலாம் என எண்ணுவோரோடு நான் உடன்படேன். அவர் எதற்கு எதிராகப் பாடினார் என்பதை அறியாமல் அவரை எடைபோடுதல் நீதியன்று.

1810ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்னும் பெண் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். அவரது இடையின் கீழுள்ள உடலமைப்பு ஐரோப்பியருக்கு விநோதமாகத் தோன்றியது. காசு வாங்கிக்கொண்டு அவரைக் காட்டினார்கள். பின்னர் பாரிஸிலும் காட்டினார்கள். அங்கேயே 1815ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இறந்தார். கியூவியே என்னும் பேர்பெற்ற விஞ்ஞானி அவ்வுடலை அறுத்து ஆராய்ந்தார். அவரது எலும்புக்கூடும் உடலின் வார்ப்புருவும் 1970களின் நடுப்பகுதிவரை பாரிஸ் நூதனசாலையிலே பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன.

1928இலே இளம் மாணவராகச் செங்கோர் பாரிஸுக்கு வந்தபோது அந்த எலும்புக்கூடு அந்நகரிலேதான் இருந்தது. 1931இலே வின்சென் வனத்தில் நடந்த குடியேற்ற நாட்டுக் கண்காட்சியிலே ஆபிரிக்க மக்களும் ஆசிய மக்களும் காட்சிப் பொருள்களாக நிறுத்தப்பட்டபோதும் அவர் அங்கே இருந்தார். இத்தகைய நகரிலே வாழ்ந்த ஒருவர், 1945இல் வெளிவந்த தமது முதற் கவிதைத் தொகுதியிலே, ஒரு கறுப்புப் பெண்ணின் வெற்றுடலை வெட்கமின்றி, வழிபாட்டோடு பாடினார். கேசாதிபாதம் கேட்டு வளர்ந்த எமக்கு, ஒரு பெண்ணின் உடலைக் கனியோடும் மதுவோடும் நிலத்தோடும் ஒப்பிடுதல் புதுமையாகத் தோன்றாது. புதுமை அங்கே இல்லை. ‘கறுப்பு’ என்ற சொல் இழிவின் அடையாளமாக வழங்கிய மொழியிலே, அதே சொல்லை அழகின் அடைமொழியாக அவர் ஆக்கினாரே, அங்கேதான் புதுமை இருக்கிறது. ஏமே செசேர், லெயோன் டாமா ஆகியோரோடு சேர்ந்து அவர் வளர்த்த ‘நெக்ரித்தூட்’ என்னும் இயக்கத்தின் உயிர்நிலையும் அதுவே. வசைச் சொல்லைத் தூக்கி முடியாகச் சூடிக்கொள்ளும் துணிவு அது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இக்கதையின் மறுபாதியை நான் பிந்தியே அறிந்தேன்.

செங்கோர் பாரிஸுக்கு வந்த அதே 1928ஆம் ஆண்டிலே, மார்ட்டினிக் தீவிலிருந்து அங்கு படிக்க வந்திருந்த ஜேன் நார்டல் என்னும் பெண், கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகையொன்றிலே கட்டுரை ஒன்று எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் கறுப்புப் பெண்ணை அயல்நாட்டுப் பொம்மையாக ஆட்டிவைக்கிறார்கள் என்பதே அதன் சாரம். அவருடைய தமக்கை போலெத் நார்டலும் பிற சகோதரிகளும் பாரிஸின் புறநகரான கிளமாரிலே, தமது இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நடத்தினர். ஆபிரிக்கரும் அந்தில்லியரும் அமெரிக்கக் கறுப்பரும் முதன்முதல் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசிய இடங்களுள் அது முக்கியமானது. செங்கோரும் அங்கே போய்வந்தவரே. 1931இலும் 1932இலும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ‘கறுப்பு உலகச் சஞ்சிகை’ 6 இதழ்கள் வெளிவந்ததும் போலெத் நார்டலின் முயற்சியினாலேயே. அதன் இறுதி இதழிலே இன உணர்வின் விழிப்பைப் பற்றி அவர் எழுதினார். ‘நெக்ரித்தூட்’ என்ற சொல் அச்சேறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

பிற்காலத்திலே, 1960களில் எழுதிய கடிதமொன்றில், தாம் முன்வைத்த எண்ணங்களையே பின்வந்த இளைஞர் எடுத்து ஒளிபெறச் செய்தனர் என்றும், தாங்கள் பெண்களாய் இருந்தமையால் அது பேசப்படவில்லை என்றும் பொருள்பட அவர் குறிப்பிட்டார். இதிலே காழ்ப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கணக்கை நேர்செய்யும் தொனிதான் இருந்தது. 1948இலே செங்கோர் தொகுத்து, சார்த்தர் முன்னுரை எழுதி, உலகப் புகழ்பெற்ற கறுப்பினக் கவிதைத் தொகுதியை நான் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதிலே 16 கவிஞர்கள். 16 பேரும் ஆண்கள். கறுப்புப் பெண் அத்தொகுதியின் பக்கங்களிலே பாடப்படுகிறாள். பாடுவோர் வரிசையில் அவளுக்கு இடம் இல்லை. அந்த ஆசிரியையின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு என்ன வேண்டும்?

செனகலிலிருந்தே இதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. ‘இத்தனை நீண்டதொரு கடிதம்’ என்ற நாவலை 1979இல் வெளியிட்ட மரியாமா பா, ஆபிரிக்கத் தாயையும் தாய் ஆபிரிக்காவையும் ஒன்றாக்கிப் பாடும் ஏக்கப் பாடல்கள் தமக்குப் போதா என்று எழுதினார். அவருடைய நாவலிலே வருபவள் கணவனை இழந்தவள். அதற்கு முன்பே, தன் மகளின் தோழியை இரண்டாந் தாரமாகக் கொண்ட அக்கணவனால் கைவிடப்பட்டவள். அவளிடம் போய், நீ புல்வெளி, நீ ஆறு, நீ விடியல் என்று பாடினால் அவள் என்ன செய்வாள்? நிலமாக ஆக்கப்பட்டவளுக்குப் பசி இல்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு இல்லை, சக்களத்தி இல்லை. உருவகத்தின் ஆபத்து இதுதான். பூமியைத் தாய் என்றால் பூமிக்கு மதிப்பு உயரும். தாயைப் பூமி என்றால், மிதிக்கப்படுவது அவளுடைய இயல்பு என்று ஆகிவிடும்.

இவ்விடத்திலே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கவேண்டும். ஆபிரிக்கப் பெண் அண்மையிலேதான் பேசத் தொடங்கினாள் என்று எம்மிற் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. சோமாலியரிடையே ‘புராம்புர்’ என்பது பெண்களுக்கே உரிய பா வகை. இயற்றுவோரும் பாடுவோரும் பெண்களே. நைஜீரியாவின் யொருபா மக்களிடையே ‘ஒரிக்கி’ எனப்படும் புகழ்மாலைகளைக் குலம்தோறும் நினைவில் வைத்துப் பாடுவோருள் பெண்களுக்கே முதன்மை இருப்பதை, ஒகுக்கு என்னும் ஊரிலே தங்கி ஆராய்ந்த கரின் பார்பர் 1991இல் வெளியிட்ட நூலிலே விரிவாகக் காட்டியிருக்கிறார். அவளை ஊமையாக்கியது ஆபிரிக்கா அன்று, அச்சுக்கூடமும் தொகுப்பாசிரியருமே.

இனி, செங்கோரின் தொகுதி வெளிவந்த அதே 1945ஆம் ஆண்டிலே, கடலுக்கு அப்பால் வெளிவந்த வேறொரு சிறு நூலுக்கு வருகிறேன். குவெண்டொலின் புறூக்ஸ் எழுதிய ‘புறோன்ஸ்வில்லில் ஒரு தெரு’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே கறுப்பினத்தவர் நெருங்கி வாழ்ந்த தென்பகுதிக்குப் புறோன்ஸ்வில் என்று பெயர். பெரிய வீடுகளைக் கூறுபோட்டு, ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு விட்ட காலம் அது. பல குடும்பங்களுக்கு ஒரே குளியலறை. அந்த அறைகளிலே கனவு காண்பதற்கு நேரம் உண்டா, சமையல் மணத்துக்கும் தண்ணீருக்கான காத்திருப்புக்கும் இடையிலே கனவு பிழைக்குமா என்று கேட்கும் கவிதை ஒன்று இத்தொகுதியில் இருக்கிறது. ஆபிரிக்கா என்ற சொல்லை உரத்துச் சொல்லாமலே, ஆபிரிக்க வழிவந்த பெண்ணின் வாழ்வை அது முழுமையாகக் காட்டிவிடுகிறது.

அத்தொகுதியிலே என் நெஞ்சை விட்டு அகலாதது மேபி என்னும் ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிய கதைப்பாட்டு. மேபி நல்ல கறுப்பு. பள்ளிக்கூட வாசலிலே தனக்குப் பிடித்த பையன் வருவான் என்று காத்து நிற்கிறாள். அவன் வருகிறான், கூடவே வெளுத்த நிறமுள்ள ஒரு பெண்பிள்ளையும் வருகிறாள். அவ்வளவுதான் கதை. அந்த வெளுத்த பிள்ளையும் கறுப்பினத்தவளே என்பதைக் கவனிக்கவேண்டும். வெள்ளையன் அவ்வாசலிலே இல்லை. ஆனால் அவன் விட்டுச்சென்ற அளவுகோல் ஏழு வயதுப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. இக்கதைப்பாட்டை நான் உயர்தர வகுப்பிலே தமிழிற் சொல்லிக் காட்டியபோது, மாணவிகள் பக்கத்திலே விழுந்த அமைதி செங்கோருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. மணமகள் தேவை என்னும் விளம்பரங்களிலே ‘சிவந்த நிறம்’ என்ற சொற்களை வாசித்து வளரும் பிள்ளைகளுக்கு அகராதி எதற்கு?

அதே நூலிலே, கருச்சிதைவு செய்துகொண்ட தாய் ஒருத்தி, பிறவாத தன் பிள்ளைகளோடு பேசும் கவிதையும் உண்டு. நூலின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தின் பொருட்டு வாசித்துப் பாராட்டியவர் ரிச்சர்ட் ரைட். கறுப்பின நாவலாசிரியருள் அக்காலத்திலே தலைசிறந்தவர். அவருங்கூட, இப்பொருள் கவிதைக்கு ஆகுமா என்று ஐயுற்று, இந்த ஒரு கவிதையை விலக்கலாம் என்று கருத்துரைத்தார். புறூக்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை; கவிதை நின்றது. பெண்ணின் உடலைப் பாடுவதற்குத் தடை எதுவும் இல்லை. அவ்வுடலுக்கு நேர்ந்ததை அவளே சொல்லப் புகுந்தால், அது கவிதையாகுமா என்ற கேள்வி நண்பர் வாயிலிருந்தே வருகிறது. ஐந்து ஆண்டுகளின் பின், 1950இலே, ‘ஆனி அலன்’ என்னும் அடுத்த நூலுக்காகப் புறூக்ஸ் புலிற்சர் பரிசு பெற்றார். அப்பரிசை எத்துறையிலேனும் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

ஆண் கவிஞர் பெண்ணின் குரலிற் பாடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். உகண்டாவின் ஒகொட் பிபிற்றெக் 1966இல் வெளியிட்ட ‘லவினோவின் பாட்டு’ அத்தகையது. மேனாட்டு நாகரிகம் பயின்ற கணவனையும், உதட்டுச் சாயமும் முகமாவும் பூசிய அவனுடைய புதுக் காதலியையும் கிராமத்து மனைவி லவினோ வசைபாடும் நெடும்பாட்டு. சுவையிலே அதற்கு நிகர் குறைவு. அவளுடைய வாயிலே அச்சோலி மக்களின் சமையலும் நடனமும் தலைமயிர்க் கோலமும் புத்துயிர் பெறுகின்றன. நான் பலமுறை வாசித்துச் சிரித்திருக்கிறேன். எனினும் சில இடங்களிலே, பேசுவது லவினோவா, அவளுடைய தோளின் பின்னால் நிற்கும் ஒகொட்டா என்ற ஐயம் எழாமல் இல்லை. புதுமை யாவும் கேடு என்று சாதிப்பதற்கு ஒரு மனைவியின் கண்ணீர் வசதியான சாட்சி.

இதனோடு ஒப்புநோக்க, மொசாம்பிக் நாட்டு நொயேமியா டி சூசாவின் கவிதைகள் வேறொரு தரத்தன. 1926இற் பிறந்த அவர், போர்த்துக்கேயர் ஆட்சியின்கீழ், இன்று மப்புட்டோ என வழங்கும் லொறென்சோ மார்க்கேஸ் நகரிலே வாழ்ந்தார். தம் கவிதைகளிற் பெரும்பாலானவற்றை 1948க்கும் 1951க்கும் இடையிலே, இருபத்தைந்து வயதுக்கு முன்னரே எழுதி முடித்துவிட்டார். ‘கறுப்புக் குருதி’ என்ற தொகுதி 1951இலே கல்லச்சுப் பிரதியாகக் கைமாறி உலவியது. அது முறையான நூலாக வெளிவந்தது 2001இலேதான். அவர் மறைவதற்கு ஓர் ஆண்டுக்கு முன். அரை நூற்றாண்டு காத்திருந்த புத்தகம்!

நொயேமியா பல இனங்களின் குருதி கலந்த குடும்பத்திலே பிறந்தவர். அத்தகையோருக்குப் போர்த்துக்கேய ஆட்சி வெள்ளையரை நோக்கிய ஒரு படிக்கட்டைக் காட்டியது. அவரோ தம் தொகுதிக்குக் ‘கறுப்புக் குருதி’ என்று பெயரிட்டார். அடையாளம் என்பது தோலோடு பிறந்த ஒன்று மட்டுமன்று, தேர்ந்துகொள்வதும் ஆகும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்றை நான் காணவில்லை. அவரும் ஆபிரிக்காவைத் தாய் என்று அழைக்கிறார். அதை மறைத்து நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அழைப்பவர் மகள். வழிதவறிப் போனமைக்காக மன்னிப்புக் கேட்கும் மகள். காதலன் தள்ளி நின்று பார்த்து வியப்பதற்கும், மகள் காலடியில் வந்து நிற்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

அவருடைய கவிதையொன்றிலே துறைமுகத்து விலைமகளிர் ‘நாங்கள்’ என்று பன்மையிற் பேசுகின்றனர். தாங்கள் எந்தச் சேரிகளிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் என்பதை அவர்களே சொல்கிறார்கள். மற்றொரு கவிதையிலே, மரமும் தகரமும் கொண்ட வீட்டில் இரவிலே வானொலிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து வரும் போல் ரோப்சன், மரியன் அண்டர்சன் ஆகியோரின் பாடல்களைக் கேட்டபடி எழுத அமர்கிறாள் ஒரு பெண். நித்திரை வராத பெண், ஒரு மேசை, ஒரு வானொலி. ஆபிரிக்காவின் மாண்பைச் சொல்வதற்கு ஆறுகளும் சிங்கங்களும் தேவைப்படவில்லை.

உடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதைச் சொல்லாமல் முடித்தல் ஆகாது. 1980இலே அமெரிக்கக் கவிஞர் லூசில் கிளிஃப்ரன் தமது இடுப்புக்கே ஒரு வாழ்த்துக் கவிதை எழுதினார். சின்னஞ்சிறியது, ஒரு மாணவி ஒரு தடவை வாசித்தால் மனனமாகிவிடும். ஒளிவின்றி, குறும்பும் பெருமிதமுமாக, யாருக்கும் அடிமைப்படாத உறுப்பாகத் தம் இடுப்பை அவர் பாடுகிறார். தகோமியிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கரொலைன் என்னும் மூதாட்டியின் வழிவந்தவர் அவர். அம்மரபை 1976இலே ஒரு நினைவுநூலாகவும் எழுதியிருந்தார். சாரா பார்ட்மனை எந்த உறுப்புக்காகக் காட்சிக்கு வைத்தார்களோ, அந்த உறுப்பையே அதன் சொந்தக்காரி பாடினாள் என்று வைத்துப் பாருங்கள். அப்பொழுதுதான் அக்குறும்பின் அடியிலே கிடக்கும் வலி புலப்படும்.

சாராவின் கதையும் ஒரு கவிதையிலேதான் வந்து முடிந்தது. நெதர்லாந்திலே படித்துக்கொண்டிருந்த தென்னாபிரிக்கப் பெண் டயானா ஃபெறஸ், 1998இலே, ஊர் நினைவு வருத்திய நாட்களில், சாராவை நோக்கி ஒரு கவிதை எழுதினார். உன்னை வீட்டுக்குக் கூட்டிச் செல்ல வந்திருக்கிறேன் என்பதே அதன் பொருள். சாராவின் எச்சங்களைத் திருப்பித் தருமாறு மண்டேலாவின் அரசு கேட்டுப் பல ஆண்டுகள் சென்றிருந்தும் பிரான்ஸ் இழுத்தடித்துக்கொண்டே இருந்தது. செங்கோர் 2001 டிசெம்பரிலே நோர்மண்டியில் மறைந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலே, அவர் கறுப்புப் பெண்ணைப் பாடிய அதே பிரெஞ்சு மொழியிலே, ஃபெறஸின் கவிதை செனற் சபையில் வாசிக்கப்பட்டது. சாராவை அனுப்பிவைக்கும் சட்டம் நிறைவேறியது. 2002 ஓகஸ்ட் 9ஆம் திகதி, தென்னாபிரிக்கப் பெண்கள் தினத்திலே, ஹாங்கி என்னும் சிற்றூரின் குன்றொன்றிலே அவரை அடக்கம் செய்தார்கள். ஃபெறஸின் கவிதையிலும் சாரா வாய் திறக்கவில்லைதான். அவருடைய அழகும் அங்கே பாடப்படுகிறது. ஆனால் அது அவரை வீட்டுக்குக் கூட்டிச் செல்ல வந்தவளின் பாட்டு.

என் தமிழாக்கத்தை நான் கிழித்தெறியவில்லை. செங்கோரை இனியும் படிப்பிப்பேன். ஆனால் மேபி முன்னால் வரவேண்டும். எமது வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்காக அக்கதைப்பாட்டை மொழிபெயர்க்கும்படி அந்த ஆசிரியையிடமே ஒப்படைத்திருக்கிறேன். ‘கறுப்பி’ என்ற சொல்லைப் போடலாமா என்று இரண்டு தடவை தொலைபேசியிலே கேட்டுவிட்டார். தம்மைப் பள்ளிக்கூடத்திலே அப்படித்தான் பட்டம் வைத்து அழைத்தார்கள் என்றும், தம் அம்மம்மா மடியிலே வைத்துச் செல்லமாக அழைத்ததும் அதே சொல்லால்தான் என்றும் சொன்னார். எந்தக் கறுப்பியை மேபிக்குக் கொடுப்பது என்று அவருக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. எனக்கும் ஆகவில்லை.